சிம்மில் இருபத்தைந்து நிமிடம்

கேஸ்கெட்டைக் கழற்றினேனா இல்லையா. வெயிட்டைப் போடவில்லை, அது நிச்சயம், இதோ சீனி டப்பாவின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. மூடிக்குள் சுற்றி இருக்குமே அந்த ரப்பர் வளையம், அதுதான் தெரியவில்லை. குக்கரில் தண்ணீருக்குப் பதில் உப்பைக் கொட்டி பிஸ்கட் சுடுகிறவர்கள் முதலில் செய்யவேண்டியதே அதைக் கழற்றி வைப்பதுதான். வறண்ட சூட்டில் ரப்பர் இளகும், நாறும், அந்த நாற்றம் நேராக வெண்ணெயில் போய் இறங்கும். ஆணியில் ஒரு வளையம் தொங்குகிறது. தொங்குகிறது, ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அம்மா பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போடவே மாட்டாள். அவசரத்துக்கு ஆகும் என்பாள். எந்த அவசரத்துக்கும் அது ஆனதில்லை. புதியது வாங்கி மூன்று மாதத்தில் அதுவும் குழம்பு ஆவி பட்டுப் பழசைப் போலவே ஆகிவிட்டது. எனவே ஆணியில் தொங்குவது எது. திறந்து பார்த்துவிடலாம். திறந்தால் சூடு போய்விடும், பிஸ்கட் நடுவில் குழிந்துவிடும். இருபது நிமிடத்துக்கு முன்னால் மூடியைத் தொடுகிறவள் கையை ஒடிப்பேன் என்று சொல்லித்தான் ஜெனோவா எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொடுத்தாள் என்றால், இருவரும் சேர்ந்து மூன்று தடவை கருக்கி, நாலாவது தடவை கற்றுக்கொண்டோம். உள்ளே வைத்தபோது மணி மூன்று இருபத்தைந்து. இப்போது மூன்று முப்பத்தொன்று. அவள் நாலு மணிக்கு வருகிறாள். ஒன்றரை வருடம் கழித்து வருகிறாள், என்னைப் பார்க்க இல்லை, டின்னை வாங்க.

டின் மேடையில் தயாராக இருக்கிறது. நீல டின், வட்டமாக, மூடியில் பனி பெய்கிற ஒரு ஊரும் குதிரை வண்டியும். அவளுடைய பெரியப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. கல்லூரி கடைசி வருடக் கிறிஸ்துமஸுக்கு அதில் அச்சுமுறுக்கும் கல்கலாவும் போட்டு அவள் அம்மா கொடுத்தனுப்பியிருந்தார்கள். தின்று முடித்தோம், கழுவினோம், பொங்கல் கழித்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்றிருந்தோம், அதற்குள் ஜனவரியில் அது நடந்துவிட்டது, பிறகு டின் அம்மாவின் நூல்கண்டு டின் ஆகிவிட்டது. ஊசி, ஊக்கு, ஹூக், அறுந்த பித்தான், பஸ் பாஸுக்கு எடுத்த என்னுடைய நாலு போட்டோ. காலையில் எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டிவிட்டு மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். இன்னும் லேசாக இரும்பு வாசனை வருகிற மாதிரி இருக்கிறது. நேற்று ஜெனோவா போன் செய்தது எனக்கு இல்லை, அம்மாவுக்கு. அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். "ஆன்ட்டி, எங்க நீல டின் உங்க வீட்லயா கெடக்கு? நாளைக்கு ஓசூருக்குப் போறேன், கம்பெனி லேப்ல வேல. ஊறுகா கொண்டுபோகணும், அம்மா டின்னைத் தேடுதாங்க." நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தேன். அம்மா, "இருக்கு மக்கா, பத்திரமா இருக்கு, நாளைக்கு வந்து வாங்கிக்கோ," என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நான் காமாட்சி வீட்டு விசேஷத்துக்குப் போவேன், நீயே எடுத்துக் குடு. வெறும் டின்னாக் குடுத்துறாத, ரெண்டு கை சீனியாவது போடு," என்றாள். எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சண்டை போட்டவர்கள்கூட. எதிர்வீட்டு லீலா அக்கா, பேச்சுவார்த்தை இல்லாத தன் நாத்தனாருக்கு இட்லிக் கொப்பரையைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே நாலு பச்சைமிளகாய் போட்டுக் கொடுத்தாள். சீனி போட்டால் என்ன அர்த்தம், ஒன்றும் அர்த்தம் இல்லை, பழக்கம். பிஸ்கட் போட்டால். அதுவும் இந்த பிஸ்கட். இரவு முழுக்க யோசித்துவிட்டு வெண்ணெய் வாங்கிவந்தேன். இப்போது யோசித்தால் சீனியே போட்டிருக்கலாம். சீனி யாரையும் எதுவும் கேட்காது.

ஆனால் ஊறுகாயை யாராவது தகர டின்னில் வைப்பார்களா. புளிப்பும் உப்பும் சேர்ந்தால் தகரத்தை ஒரு வாரத்தில் தின்றுவிடும். அவளும் நானும் மூன்று வருடம் வேதியியல் படித்தவர்கள். அவள் அம்மாவே பீங்கான் ஜாடி தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். தெரியாமல் சொல்லியிருப்பாளா, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாளா. இதை நேற்றே யோசித்தேன். யோசித்து ஒரு பக்கமாகச் சிரிப்பு வந்தது, உடனே பயம் வந்தது.

மணி மூன்று முப்பத்தைந்து. உப்பு வெடிக்கிறது. வைத்த புதிதில் படபடவென்று வெடிக்கும், கல்லுக்குள் அடைபட்ட ஈரம் வெளியே வருகிற சத்தம், பிறகு அடங்கிவிடும். இவ்வளவு நேரம் கழித்தும் ஏன் ஒன்றிரண்டு. இந்த உப்பை ஜெனோவாவின் அப்பா கொடுத்தார். உப்பளத்தில் மேஸ்திரி. ஒரு சின்னச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து இறக்கி, "இது சாப்பாட்டு உப்பு இல்ல தாயி, சூட்டு உப்பு, எத்தன தடவ வேணா சுடலாம்," என்றார். அம்மா டப்பாவின் மேல் காகிதம் ஒட்டி எழுதி வைத்திருக்கிறாள்: குழம்புக்குப் போடாதே. அது எனக்கு எழுதியது. ஒன்றரை வருடமாக அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை. இன்று திறந்தபோது உப்பு சாம்பல் நிறத்தில், மேலே ஒரு கருகிய துணுக்குடன் இருந்தது. கடைசியாக நாங்கள் சுட்ட பிஸ்கட்டின் துணுக்காகத்தான் இருக்கவேண்டும். அதைப் பொறுக்கி எறியலாமா என்று யோசித்துக்கொண்டே உப்பை அதோடு சேர்த்துக் குக்கரில் கொட்டிவிட்டேன். அப்போது மூடி எங்கே இருந்தது. மூடியை இடது கையில் பிடித்திருந்தேன். அல்லது சிங்க்கில். மூடியைக் கழுவினேன், துடைத்தேன், துடைத்த துணி நனைந்திருந்தது, வேறு துணி எடுத்தேன். கழுவும்போது கேஸ்கெட் இருந்ததா. விரல் அந்தப் பள்ளத்தில் ஓடிய ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது இன்றைய விரலா, தினமும் சோறு வடித்தபின் கழுவுகிற விரலா. ஒரே காரியத்தைத் தினமும் செய்தால் இதுதான் தொல்லை, எந்த ஞாபகத்திலும் தேதி இருப்பதில்லை.

மாவு நன்றாக வந்தது, அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். முக்கால் டம்ளர் வெண்ணெய், அரை டம்ளர் பொடித்த சீனி, வெள்ளையாகும்வரை கரண்டியால் அடித்து, ஒன்றரை டம்ளர் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய். பிசையக் கூடாது. சப்பாத்தி மாவைப் போல அழுத்தினால் பிஸ்கட் ஓடு மாதிரி ஆகிவிடும். விரல்நுனியால் கூட்டிச் சேர்த்தால் போதும், பூத்தையல் துணியை மடிக்கிற மாதிரி. என் கை எப்போதும் சூடு. ஜெனோவா கை குளிர்ச்சி. "எட்டி அரசி, நீ தொட்டா வெண்ணெ உருகுது, தள்ளி நில்லு, நீ சீனியப் பொடி," என்பாள். அதனால் இன்று கையை ஐஸ் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டு பிடித்தேன். பதினாறு வந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் முள்கரண்டியால் அழுத்தினேன். அவள் வீட்டு அடுக்களையில் முதல் தடவை சுட்டது ஞாபகம் வருகிறது: இருபத்தைந்து நிமிடம் கழித்து எடுத்துத் தொட்டுப் பார்த்தோம், மெத்தென்று இருந்தது, வேகவில்லை என்று மறுபடி வைத்தோம், மறுபடி தொட்டோம், இன்னும் மெத்தென்று இருந்தது, மறுபடி வைத்தோம். ஆறின பிறகு சுத்தியல் தேவைப்பட்டது. அவள் தம்பி அதில் ஒன்றைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தான். அவள் அம்மா வந்து பார்த்துவிட்டு, "சூட்டுல எல்லாம் அப்படித்தாம்மா இருக்கும், ஆறவிட்டுப் பாத்தாத்தான தெரியும்," என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டார்கள். அன்று எவ்வளவு சிரித்தோம். சிரித்தது நிஜம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் தராசில்தான். கல்லூரியில் புதிதாக வாங்கிய மின்தராசு, கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும், தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் காட்டும், பக்கத்தில் மூச்சு விட்டாலே எண் அலையும். சூடான எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை மதியம், நானும் ஜெனோவாவும்தான் கடைசிவரை இருந்தோம். மூசையை, அந்தச் சின்னப் பீங்கான் கிண்ணத்தை, சுட்டு, ஆறவைத்து, எடை போட்டு, மறுபடி சுட்டு, மறுபடி எடை. எட்டு தடவையோ ஒன்பது தடவையோ, மாற்றி மாற்றி. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை தராசு எண்ணே காட்டவில்லை, வெறும் கோடுகள். தட்டில் வட்டமாக ஒரு பழுப்புத் தழும்பு. யாரோ ஆறாத மூசையை அப்படியே வைத்திருக்கிறார்கள். யாரோ என்றால் நான் அல்லது அவள். ஒன்றரை வருடமாக அந்த மதியத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். இடுக்கி தெரிகிறது, இடுக்கியின் முனையில் மூசை தெரிகிறது, கண்ணாடிக் கதவு திறப்பது தெரிகிறது, இடுக்கியைப் பிடித்த கை தெரிகிறது. என் கையில் அப்போது கோயில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தேன். அவள் கையில் ஜெபமாலைக் காப்பு. ஞாபகத்தில் வருகிற கையில் சில நாள் சிவப்புக் கயிறு இருக்கிறது, சில நாள் காப்பு இருக்கிறது, பெரும்பாலான நாள் ஒன்றுமே இல்லை, மொட்டைக் கை. துறைத் தலைவர் ஹெலன் மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "கடைசியா எட போட்டது யாரு?" ஜெனோவா, "ஞாபகம் இல்ல மேடம்," என்றாள். மேடம் என் பக்கம் திரும்பி, "முத்தரசி, நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்ட," என்றார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு எப்போதும் அப்படித்தான், வருகைப்பதிவுக்கு உள்ளேன் சொல்லவே இரண்டு தடவை வாயைத் திறப்பேன். தரையில் வெள்ளி நைட்ரேட் சிந்திய கறுப்புக் கறை ஒன்று இருந்தது, தவளை மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து விநாடி இருக்கும், அல்லது ஒரு நிமிடம். மேடம், "சரி, புரியுது," என்றார். என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னது ஜெனோவாவை மட்டும், எழுதினாள். எம்.எஸ்சி.க்குத் துறை பரிந்துரைக்கிற ஒரே இடத்துக்கு எங்கள் இருவர் பெயரும் இருந்தது, பிறகு என் பெயர் மட்டும் இருந்தது. நான் கேட்கவில்லை. அது வந்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் வாயைத் திறக்கவேண்டும்.

மூன்று நாற்பத்திரண்டு. இப்போது ஒரு வாசனை வருகிறது. வெண்ணெய். ஏலக்காய். அதற்கு அடியில் வேறொன்று. சைக்கிள் கடை வாசனை மாதிரி. இல்லை, அது தெருவிலிருந்து வருகிறது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியபின்னும் இருக்கிறது. மூக்கைக் குக்கரின் பக்கத்தில் கொண்டுபோனேன், மூக்குநுனி சுட்டது, வாசனை போய்விட்டது. மேடையிலிருந்த டின்னைப் பார்த்தேன், ஆணியைப் பார்த்தேன், அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சரி, நாறட்டும். அவள் டின்னைத் திறந்து ஒன்றைக் கடித்துவிட்டு ரயிலில் சன்னல் வழியாக எறியட்டும். எதிரே இருப்பவர்கள் ஏம்மா என்று கேட்டால் என் சிநேகிதி சுட்டது என்று சொல்வாளா, என்கூடப் படித்தவள் என்று சொல்வாளா. அவளிடம் சொல்ல வேண்டியதை நேற்றிலிருந்து கட்டிக்கட்டிப் பார்க்கிறேன். ஜெனோ, அன்னைக்கு வச்சது நான்தான். இப்படிச் சொல்லிவிட்டால் நேராக இருக்கும், அவளுக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் நான்தானா. தெரியாத ஒன்றை ஒப்புக்கொள்வதும் பொய்தானே. ஜெனோ, அன்னைக்கு வச்சது யாருன்னு எனக்குத் தெரியாது. இது உண்மை, ஆனால் சொன்னால் தப்பித்துக்கொள்வது போல இருக்கும். ஜெனோ, நல்லா இருக்கியா. இதற்கு அவள் என்னை அடிக்கலாம். போன மார்கழியில் அவளைப் பழைய பஸ் நிலையத்தில் பார்த்தேன், ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று சில்லறை சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். தூணில் புதிய பெயிண்ட், சுடிதாரில் பச்சையாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. அந்தச் சுடிதாரைத்தான் இப்போது போட்டிருக்கிறேனா. குனிந்து பார்த்தேன். இல்லை. இது வேறு.

ஆட்டோ சத்தம். மணி மூன்று நாற்பத்தாறு. நாலு என்றுதானே சொன்னாள்.

கதவைத் திறந்தால் அவள்தான். தலைமுடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். புதுச் செருப்பு, ஒரு செருப்பின் ஓரத்தில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. வாசலில் ஆட்டோவில் அவள் தம்பி பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உள்ள வரலாமா, இல்ல வாசல்லயே வாங்கிட்டுப் போயிரணுமா?" என்றாள். நான் நகர்ந்தேன். அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு நேராக அடுக்களைக்குள் போனாள். எங்கள் வீட்டு அடுக்களைக்கு அவளுக்கு வழி காட்ட வேண்டாம். அடுப்பைப் பார்த்தாள். வாசனை பிடித்தாள். "குக்கர்லயா? எங்கப்பா குடுத்த உப்பா?"

"ம்."

"இன்னுமா வச்சிருக்க. கறுத்துப் போயிருக்குமே."

கட்டி வைத்த வாக்கியங்கள் மூன்றையும் தேடினேன். ஒன்றும் இல்லை. என் வாய் தானாகச் சொன்னது: "கேஸ்கெட்ட கழத்தினேனா இல்லையான்னு தெரியல."

ஒன்றரை வருடத்துக்குப் பின் நான் அவளிடம் பேசிய முதல் வாக்கியம். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஆணியைப் பார்த்தாள். பிறகு மேடையில் இருந்த டின்னைத் தூக்கினாள். தூக்கிய இடத்தில், கறுப்புக் கடப்பாக் கல்லின்மேல் கறுப்பாக, வட்டமாக, கேஸ்கெட் கிடந்தது. கழற்றி வைத்து, அதன் நடுவிலேயே டின்னைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதையே பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். "என்னட்டி, எங்க டின்னுக்கு மாலையெல்லாம் போட்டு வச்சிருக்க. போட்டோல இருக்குறவங்களுக்குத்தான போடுவாங்க," என்றாள். சிரிப்பு பாதி வந்து நின்றுவிட்டது. இருவருக்கும்.

"ஜெனோ. அந்தத் தராசு."

"எது."

"அது நானா இருக்கலாம். யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். கைதான் தெரியுது. யாரு கைன்னு தெரியல."

அவள் கேஸ்கெட்டை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினாள். "எனக்கும்தான் தெரியல. அஞ்சாறு மாசம் வீட்ல இருந்தேன்லா, வேற சோலி கெடையாது, அதையேதான் யோசிச்சேன். ஒருநா நான்னு தோணும். ஒருநா நீன்னு தோணும். ஒருநா அந்த அட்டெண்டர் அண்ணன்னுகூடத் தோணிச்சு, பாவம் அவரு அன்னைக்கு லீவு." வளையம் சுற்றுவது நின்றது. "உடைச்சது யாருன்னு நான் கோவப்படல. நீ தரையப் பாத்த பாரு. தெரியல மேடம்னு ஒரு வார்த்த. அது பொய்கூட இல்லியே அரசி. நான் சொன்னேன்ல, நீயும் சொல்லிருந்தா ரெண்டு பேரும் சேந்து லெட்டர் எழுதிருப்போம்."

எனக்குத் தரையைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்காமல் இருப்பதற்காக அவள் காதைப் பார்த்தேன். காதில் புதிதாக இரண்டாவது துளை போட்டிருந்தாள், இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். "அந்த சீட்டு வேண்டாம்னு நான் சொல்லிருக்கணும்," என்றேன். "ஆமா," என்றாள். "உன்ன மார்கழில பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். தூணுக்குப் பின்னால போயிட்டேன்." "நானும்தான் பாத்தேன். பெயிண்ட் ஒட்டிருக்குமே," என்றாள். வெளியே ஆட்டோ ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. மணி மூன்று ஐம்பது. சரியாக இருபத்தைந்து நிமிடம், நான் இதைக் கவனிக்கவில்லை, அவள்தான் எப்போது வைத்தேன் என்று கேட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். துணியைச் சுற்றி மூடியைத் தூக்கினாள். ஓரம் மட்டும் பொன்னாக, நடு வெளுப்பாக, பதினாறும். விரலால் ஒன்றைத் தொட்டேன், குழிந்தது. "வேகல போல, இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கதவுக்கு முட்டுக்கொடுத்த பிஸ்கட் அவள் கண்ணில் தெரிந்தது. "எட்டி, கைய எடு," என்றாள்.

தோசைத் திருப்பியால் ஒவ்வொன்றாக எடுத்து டின்னுக்குள் காகிதம் விரித்து அடுக்கினோம். நான் எடுத்தேன், அவள் அடுக்கினாள். கடைசி ஒன்று என் கையில் இரண்டாக உடைந்தது, அதைத் தட்டிலேயே விட்டேன். நான் மூடியை நீட்டினேன். "சூட்டோட மூடினா வேத்து நமுத்துப் போவும்," என்று சொல்லி வாங்காமல், துப்பட்டாவை இரண்டாக மடித்து டின்னுக்கு அடியில் கொடுத்து, திறந்தபடியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன். ஆட்டோவில் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி உடனே ஒன்றை எடுத்தான், அவள் அவன் கையில் அடித்தாள். எனக்கு ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். "ஆன்ட்டிட்ட சொல்லிரு," என்றாள். எதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஆட்டோ திரும்பும்போது வெண்ணெய் வாசனை தெருவில் கொஞ்சம் நின்றது.

உள்ளே வந்தால் என் இடது கையில் மூடி இருக்கிறது. பனி பெய்கிற ஊர், குதிரை வண்டி. ஓடினால் தெருமுனையில் பிடித்துவிடலாம், சிக்னலில் நிற்பார்கள். செருப்பில் ஒரு காலைக்கூட நுழைத்துவிட்டேன். ஆறினபிறகு அவளுக்கு மூடி வேண்டுமே. ஓசூருக்கு அவள் ஏறுகிற மைசூர் ரயில் விடிய விடியப் போகும், தூசு விழும். மறந்துவிட்டுப் போனாளா. நான் நீட்டினேன், அவள் பார்த்தாள், வாங்கவில்லை, அது மறதியா. மறதி என்றால் ஓட வேண்டும். மறதி இல்லை என்றால் ஓடக் கூடாது. ஒரு காலில் செருப்போடு நின்றேன். ஆட்டோச் சத்தம் கேட்காமல் போனபிறகும் நின்றேன். பிறகு அடுக்களைக்கு வந்து தட்டில் கிடந்த பிஸ்கட்டின் பாதியை வாயில் போட்டேன். ஆறியிருந்தது. வெளியே மொறுப்பாக இருந்து, நாக்கில் பட்டதும் மணலாகக் கரைந்தது. இன்னொரு பாதியை மல்லாந்து கிடந்த மூடியில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். டின்னை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அது தெரியும். மூடியை எப்படிக் கொடுப்பது, அதில் எதைப் போட்டுக் கொடுப்பார்கள். அம்மா வந்ததும் கேட்க வேண்டும்.